உள்ளே இருந்த ஈரம்

மாதப்பாவின் படகுத் தரையை இன்று காலை பெயர்த்து எடுத்தோம். பிளைவுட் உள்ளுக்குள் முழுக்க அழுகியிருந்தது. உளி வைத்து நெம்பியதும் கிளம்பிய புளித்த வாடையில் உன் நினைவு வந்து, படகின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது.

பதினெட்டு வருஷம் என் கடைப் பலகையை நான் விற்றேன், நீ அறுத்தாய், இழைத்தாய். விஜயநகரில் பாதி வீட்டுச் சமையலறை அலமாரி உன் கைவேலை. கபினி அணையில் மாதப்பாவின் ஆள் ஏற்றும் படகுக்குத் தரை போடும் வேலை வந்தபோது உனக்கு எத்தனை உற்சாகம்!

அந்த வேலைக்கான பிளைவுட் லோடு மழையில் திறந்த டெம்போவில் வந்தது. தசராக் கூட்டத்துக்கு முன்னால் படகு தண்ணீரில் இறங்க வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். நீ பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரம் இன்னும் போவல மொதலாளி. ஒரு வாரம் காத்தாட நிக்கட்டும்" என்றாய்.

"ரெண்டு பக்கமும் எபாக்ஸிப் பிசினைப் பூசிட்டா தண்ணி எங்கப்பா உள்ள போகும்?"

"அதையேதான் நானுங் கேக்கறேன். உள்ள இருக்கற தண்ணி எங்க போவும்?"

நான் சிரித்தேன். "ஹனூர்க்காரன் உனக்கு வாய்க்குக் குறைச்சலில்லை. பூசு" என்றேன். நீ பூசினாய்.

அடுத்த மழைக்குள் தரை காலுக்கடியில் மெத்தென்று அமுங்கியது. மாதப்பா கடை வாசலில் நின்று உன்னைத்தான் திட்டினான்: "கெலசா தெரியாதவன், வேலை தெரியாதவன் கையில படகைக் கொடுத்தேனே!" நான் கல்லாவில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. படகுக்கென்று விற்கும் மெரைன் பிளை ஈரமாக வந்தது என்று வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள்? நீ ஒரு முறை என் பக்கம் பார்த்தாய். மறுநாள் போய், மேலே இன்னொரு மெல்லிய பலகை போட்டு மூடிவிட்டு வந்தாய். அதன்பின் படகுக்காரர் எவரும் உன்னைக் கூப்பிடவில்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று பெயர்த்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெட்டிய விளிம்பு, திருகாணித் துளை, அடிப்பக்கம், எங்குமே நீ பூசிய பூச்சு உரியவில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் உள்ளே வைத்து மூடச் சொன்ன ஈரம்தான் தின்றிருக்கிறது.

மாதப்பாவிடம் சொன்னேன். அவன் பலகையை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

"அவரு இருந்தப்பவே சொல்லியிருக்கலாமில்ல சார்?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன். அலுப்பாக இருக்கிறது.

பிறகு பேசி முடித்தோம். புதுப் பலகை, பூச்சு, கூலி மூன்றும் என் பொறுப்பு. விளிம்பு காய்ந்ததை அவனே தொட்டுப் பார்த்துச் சரியென்ற பிறகுதான் எபாக்ஸி டப்பாவைத் திறப்பது; அதுவரை படகு கரையில் கிடக்கும், அவன் அவசரப்படுத்தக் கூடாது. அவன் பங்குக்கு ஒன்றே ஒன்று: படகுத்துறையில் உன் பேச்சு வந்தால், வேலையில் குற்றமில்லை, பலகை கொடுத்தவன்மேல்தான் குற்றம் என்று என் பெயரைச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டான்.