ஏரிக்கடியில் அறுநூற்று நாற்பது மீட்டர்

ஜூலை 14, 2025. திங்கள்

செய்தி வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம், என் பெயரோடு: 'கீழ்டிவிசனுக்கு ஏரிக்கடியில் குடிநீர்க் குழாய், குடியிருப்பாளர்கள் 41 பேர் சம்மதம்.'

போன நவம்பரில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்டிவிசனுக்கு இருந்த ஒரே பாதையையும் அதனோடு தண்ணீர்க் குழாயையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து அந்த இடம் ஒரு தீவு. மூன்று பக்கம் அணை ஏரி, நான்காவது பக்கம் கால் வைக்க முடியாத சரிவு. முப்பத்தெட்டு வீடுகளுக்கு எட்டு மாதமாகப் படகில், கையில் தூக்கும் நீல டிரம்களில் தண்ணீர் போகிறது.

மலையூரான ரிங்லெட்டில் என் அறைக்குக் கீழே ஸுல்கிஃப்லியின் சாப்பாட்டுக்கடை. இறங்கி வந்ததும் பேப்பரை ஆட்டிக் காட்டினார். "என்னா மேடம், நல்ல செய்திகூட எழுத வருமா ஒங்களுக்கு? முப்பத்தொரு வருசமா தெரியாம போச்சே லா."

சிரித்தேன். மேலே வந்து மறுபடி படித்தேன். முப்பத்தெட்டு வீடு, நாற்பத்தோரு பேர். குழாய் போடும் நிறுவனத்தின் அறிக்கையில் இந்த எண் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது? நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்காமல் விட்டேன்?

ஜூலை 17, வியாழன்

படகில் கீழ்டிவிசன். லோகேஸ்வரி கரையிலேயே நின்றாள். கொழுந்து பறிப்பவள், லயத்துக்காக, அந்த வரிசை வீடுகளுக்காக, பேச வேண்டிய இடத்திலெல்லாம் பேசுபவள். நல்லா எழுதியிருக்கீங்க அக்கா என்றாள். எனக்கு அது இறங்கவில்லை.

"அந்தக் கூட்டம் எங்கே நடந்தது?"

"எந்தக் கூட்டம்?"

"குழாய் பத்தி உங்ககிட்ட கேட்டாங்களே."

"கூட்டமெல்லாம் இல்லக்கா. ஒருநாள் பெரட்டுக்கு அந்த இன்ஜினியர் வந்தாரு. கிராணி பேரு கூப்பிட்டு முடிச்சதும் அஞ்சு நிமிசம் பேசினாரு. தண்ணி வேணுமான்னு கேட்டாரு. எட்டு மாசமா டிரம் தூக்குறவள்ட்ட போயி கேக்குற கேள்வியா அது?"

பெரட்டு என்றால் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, வேலைக்கு வந்தவர்கள் குரல் கொடுக்கும் இடம். அங்கே பெயருக்குப் பதில் சொல்வது 'வந்திருக்கிறேன்' என்பதற்கு. வேறு எதற்கும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

அறிக்கையின் பின்னிணைப்பை முழுதாக வாங்கிப் படித்தேன். போன வாரமே படித்திருக்க வேண்டியது.

நாற்பத்தொரு பெயர்கள். மருந்தடிப்பவர்கள் முதலில், கொழுந்து பறிப்பவர்கள் பிறகு, புல் வெட்டுபவர்கள் கடைசியில். எந்தக் கூட்டத்திலும் மனிதர்கள் இப்படி வரிசையாக வந்து உட்கார மாட்டார்கள். இது செக்ரோல், தோட்டத்து வருகைப் பதிவேடு.

கிராணி கோகிலனைப் போனில் பிடித்தேன். மறைக்கவில்லை.

"என் செக்ரோல்தான் மேடம். யார் யாரு வந்தாங்கன்னு ஒரு காப்பி வேணும்னாரு இன்ஜினியர் விமலன் சார். குடுத்தேன். அது சம்மதப் பட்டியலா மாறும்னு எனக்கென்ன தெரியும்?"

நாற்பத்தொன்றில் ஒன்பது பேர் பங்களாதேஷ் தொழிலாளர்கள். மேல்டிவிசனில் தங்கி, தினம் படகில் வேலைக்கு வருபவர்கள். கீழ்டிவிசனிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்றவர்கள் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களும் இல்லை.

இன்னொன்று. அறுபத்திரண்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்: குழாய் முழு நீளத்துக்கும், அறுநூற்று நாற்பது மீட்டர், மிதவையில் ஏற்றிய இயந்திரத்தால் ஏரியின் அடியைத் தோண்டிப் புதைப்பது. அந்த அடிச்சேறு சாதாரண மண் இல்லை. மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து முப்பது ஆண்டாக வழிந்து வந்த உரமும் பூச்சிமருந்தும் அதில் படிந்து கிடக்கின்றன. கிளறினால் மதகு வழியாக ஆற்றுக்குப் போகும். ஆற்றோரம் ஓராங் அஸ்லி பழங்குடிகளின் கம்போங், சின்னக் கிராமம், பத்தொன்பது குடும்பங்கள். அவர்கள் குடிப்பது அந்த ஆறு.

என் செய்தியில் இதில் ஒரு வரி இல்லை. ஒரு வரிகூட.

ஜூலை 19, சனி

விமலனைப் பார்த்தேன். குழாய் வேலையைக் குத்தகை எடுத்த நிறுவனத்தின் இன்ஜினியர், நாற்பது வயது, மரியாதையானவர். அதுதான் சிரமம்.

"சேறு கலங்கும் மேடம், ரெண்டு மூணு நாள்ல படிஞ்சிரும். நான் கடல்லயே தீவுக்குத் தண்ணிக் குழாய் போட்டவன். பதினோரு கிலோமீட்டர்."

"அங்க எப்படிப் போட்டீங்க? தோண்டியா?"

"இல்ல. பவளப்பாறை இருந்துச்சு. வளைச்சுக் கொண்டுபோனோம். குழாய மிதக்கவிட்டு, சிமெண்டு எடைக்கல்லு மாட்டி, அடியில அப்படியே உக்கார வச்சோம். கரையோரம் மட்டும்தான் தோண்டினது, அதுவும் சேறு பரவாம திரை கட்டி. ஆமை முட்டை போடுற மாசத்துல வேலைய நிறுத்திட்டோம்."

"அதையே இங்கயும் செய்யலாமே."

"இங்க ஆமை இல்லையே மேடம்."

"ஆமை இல்ல. ஆளுங்க இருக்காங்க."

தோண்டும் இயந்திரம் வேறொரு வேலைக்காக ஏற்கெனவே ஏரியில் மிதந்து நிற்கிறது, எடைக்கல் வார்த்து முடிக்க ஆறு வாரம் கூடுதலாகும் என்றார். ஆக, காரணம் இவ்வளவுதான். இயந்திரம் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

கோலாலம்பூரிலிருந்து பத்திரிகை ஆசிரியர் போனில். "ஒரு சின்ன திருத்தம் போட்டுருவோம் மேடம். மூணு வரி. பழைய செய்தியக் கிளற வேணாம்."

முடியாது என்றேன். அதே ஐந்தாம் பக்கம், அதே அளவு, என் பெயரோடு, 'நான் தவறாக எழுதினேன்' என்று தொடங்கி. இல்லாவிட்டால் இனி இந்த மலையிலிருந்து என் பெயரில் ஒன்றும் வராது.

மாலை ஏழு மணிக்கு ஒரு சொல்: அனுப்புங்க.

ஜூலை 23, புதன்

என் திருத்தம் வந்தது. மதியத்துக்குள் லோகேஸ்வரியின் குரல்பதிவு. நான்கு முறை கேட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன், எனக்குத் தேவை.

"அக்கா, வேல நின்னு போச்சாமே, நீங்க எழுதினதால. எங்க வாயில ஏன் மண்ணப் போடுறீங்க? ரிங்லெட்டுல கொழாயத் தொறந்தா தண்ணி வருது ஒங்களுக்கு. எங்களுக்கு வர்றத எழுதி நிறுத்துறீங்க. நல்லாருக்கா?"

நல்லா இல்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் எழுதியதிலும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல நான் எங்க போய் நிக்கறது?

அதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். நாளை படகு.

ஜூலை 24, வியாழன்

பட்டியலைக் கொண்டுபோய் லோகேஸ்வரி கையில் கொடுத்தேன். இருபத்து மூன்றாவது பெயர் அவளுடையது. விரல் வைத்துப் படித்தாள்.

"நான் எங்க சம்மதம் சொன்னேன்?"

"பெரட்டில பேரு கூப்பிட்டப்ப."

"அது வேலைக்கு."

"ஆமா."

அறுபத்திரண்டாம் பக்கத்தையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆற்றோரம் யார் குடிக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அந்தக் கம்போங் பெண்கள் இரண்டு பேர் போன வருடம் வரை இவளோடு கொழுந்து பறித்தவர்களாம். பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே படித்தாள். என்னிடம் கோபம் போனதாகத் தெரியவில்லை. "பேப்பர இங்க வச்சிட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 25, வெள்ளி

நிறுவனத்தின் கடிதம். செய்தியைத் திரும்பப் பெறச் சொல்கிறார்கள். ஒரு வரியில் பதில் அனுப்பினேன்: எந்த வாக்கியம் தவறு என்று குறிப்பிடவும்.

ஜூலை 28, திங்கள்

நான் அங்கே இல்லை. கோகிலன் சொன்னதும் லோகேஸ்வரி சொன்னதும் ஒத்துப்போகின்றன, ஆகவே எழுதுகிறேன்.

காலை ஆறு மணி பெரட்டு. கோகிலன் முதல் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, அதற்கும் இல்லை. எல்லாரும் கூடையோடும் மருந்துப் பம்போடும் அங்கேயேதான் நிற்கிறார்கள். பங்களாதேஷ் ஆட்கள் ஒன்பது பேரும் வாயைத் திறக்கவில்லை.

"நான் கூப்பிடுறது யாருக்கும் கேக்கலையா?"

லோகேஸ்வரிதான் பதில் சொன்னாள். "நல்லா கேக்குது கிராணி. இங்க குரல் குடுத்தா அது எதெதுக்குச் சம்மதம்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறம் குடுக்குறோம்."

நாற்பத்தொரு பெயரையும் கூப்பிட்டு முடித்தாராம் கோகிலன். "அது என் வேலை மேடம், கூப்பிட்டுத்தானே ஆகணும்." பதிவேட்டில் ஒரு குறிகூட இல்லை. எட்டு மணிக்குத் துரை படகில் வந்து இறங்கினார். துரை என்றால் இப்போது மேனேஜர், ஆனாலும் லயத்தில் துரைதான். ஒன்பதரைக்குப் பேச்சு முடிந்தது: ஞாயிற்றுக்கிழமை சரியான கூட்டம். ஆற்றோரக் கம்போங்கையும் கூப்பிட வேண்டும் என்பது லோகேஸ்வரி சேர்த்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாலர் பள்ளிக் கொட்டகையில் கூட்டம். நூறு பேருக்கு மேல். கம்போங்கின் தலைவர், பாத்தின் என்பார்கள், ஆறு பேரோடு வந்திருந்தார். அதிகம் பேசவில்லை. "நாங்கள் தண்ணீரைத் தடுக்க வரவில்லை. எங்களிடமும் கேளுங்கள், அவ்வளவுதான்" என்று மலாயில் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

விமலன் கடல் வேலையின் வரைபடத்தோடு வந்தார். அதைப் பாராட்ட வேண்டும். குழாய் ஏரியின் அடியில் அப்படியே உட்காரும். தோண்டுவது இரு கரையிலும் முப்பது முப்பது மீட்டர் மட்டும், திரைக்குள். கலங்கலைப் பார்க்க ஒரு வெள்ளைத் தட்டு: கயிற்றில் கட்டித் திரைக்கு வெளியே இறக்க வேண்டும். அறுபது சென்டிமீட்டருக்கு முன்பே தட்டு கண்ணுக்கு மறைந்தால் வேலை நிற்கும்.

"யாரு நிறுத்துறது?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

"எங்க ஆளு பாத்துச் சொல்வாரு."

"ஒங்க ஆளு ஒங்க இயந்திரத்த நிறுத்துவாரா சார்? எங்க மாமியா அவங்களையே ஏசிக்கிட்ட மாதிரி."

கொட்டகை சிரித்து ஓய நேரமானது. முடிவில் தட்டும் நிறுத்தும் உரிமையும் மேல்கரையில் கம்போங் கையில், கீழ்டிவிசன் பக்கத்துக் கீழ்க்கரையில் லோகேஸ்வரி கையில்.

எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிவிட முடியாது. சிங்காரம், ஓய்வுபெற்றவர், எழுபத்து மூன்று வயது, எழுந்து நேராக என்னைப் பார்த்தார். "இன்னும் ஆறு வாரம். நீ வந்து என் டிரம்ம தூக்குவியாம்மா?"

கூட்டம் முடிந்து அவர் வீட்டுப் படிகளில் இரண்டு டிரம் ஏற்றினேன். மூன்றாவது முடியவில்லை. அவரே தூக்கிக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

முதுகு.

செப்டம்பர் 18, வியாழன்

குழாய் இறங்கியது. காலையில் கரையிலிருந்து பார்த்தால் ஏரியின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, நெடுகச் சாம்பல்நிற எடைக்கற்கள். நான்கு படகுகள் அதை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றன. மேல்கரை முனையில் தண்ணீரை உள்ளே விட்டார்கள். விட்ட பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல அமிழ்ந்தது. மூன்றே முக்கால் மணி நேரம்.

தட்டு நாள் முழுதும் தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழும் தெரிந்தது. விமலன் மூன்று முறை என்னிடம் வந்து சொன்னார். கடலில்கூட இவ்வளவு சுத்தமாக இறங்கியதில்லையாம். எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதையும் எழுதினேன்.

ஸுல்கிஃப்லி கேட்டார்: "அப்ப தீவாளிக்குத் தண்ணி வந்துரும்ல?"

வந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அக்டோபர் இருபதுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள்.

அக்டோபர் 6, திங்கள்

மேல்கரைத் தோண்டல் முடிந்தது. நிறுத்த வேண்டி வரவில்லை. நாளை இயந்திரம் கீழ்க்கரைக்குப் போகிறது. சாயங்காலம் தொடங்கிய மழை விடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பத்தேகாலுக்கு லோகேஸ்வரியிடமிருந்து போன். பின்னால் மழைச் சத்தம். இயந்திரச் சத்தம் இல்லை.

"அக்கா, நிப்பாட்டிட்டேன்."

ராத்திரி மழையில் திரையின் ஒரு மூலை சரிந்து சேறு வெளியே வந்திருக்கிறது. தட்டை இறக்கினாள், மறைந்துவிட்டது. மறுபடி இறக்கினாள், நாற்பது சென்டிமீட்டர் வாக்கில் மறைந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு மீட்டர்தான் பாக்கி, அரை நாள் வேலை, முடித்துவிடுகிறோம் என்று விமலனின் ஆட்கள் கெஞ்சினார்களாம். சுற்றி நின்ற லயத்து ஆட்களும் விட்டுவிடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"திரைய அவுத்துக் கட்டணும், தெளியணும், ஒரு வாரமாவது ஆவும்ங்கிறாரு சார். தீவாளிக்கும் டிரம்முதான். சிங்காரம் மாமா வாசல்ல நின்னு ஏசிக்கிட்டே இருக்காரு. ஏசட்டும்."

"நீ என்ன சொன்னே அவருக்கு?"

"ஒண்ணும் சொல்லல. அவரு டிரம்ம நான் தூக்கிக் குடுத்தேன்." அடுத்துக் கேட்டாள்: "எழுதுறீங்களா? எழுதுங்க. எம் பேரு போட்டு. ஊர்க்காரங்க நிறுத்தினாங்கன்னு போடாதீங்க. அவங்க சொல்லல, நான்தான் சொன்னேன்."

உடனே எழுதினேன். பதினோரு வரி. அனுப்புவதற்கு முன் அவளைத் திரும்பக் கூப்பிட்டு முழுதும் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் யாருக்கும் நான் அப்படிப் படித்துக் காட்டியதில்லை. கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் தப்புக்கா. தட்டு மறைஞ்சது நாப்பதுல இல்ல. நாப்பத்திரண்டு."

நாற்பத்திரண்டு என்று மாற்றினேன். அனுப்பினேன்.