நின்றுகொண்டு எடுத்த படம்

என் பிரிய ஷீலாவுக்கு,

உன் நினைவுக் கூட்டத்தில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். உன்னைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். உங்கம்மா, அதான் அத்தை, என்னிடமும் கேட்டார். உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். ஒரு பக்கத்தைத் தாண்டிவிடும் என்று அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் இங்கத்திய சேதி. உங்கள் லைன் வீடுகளின் வாசலில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் போகிறோம். அத்தை இப்போதும் உனக்கும் சேர்த்தே அரிசி போடுகிறார், மிச்சத்தை என்னிடம் கொடுத்தனுப்புகிறார். நான் அதே தையல் கடையில் சேலைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஊசி குத்தினால் வலிக்கிறது. மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் பிடுங்குகிறதுக்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் இருக்கிற இடமே தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது. உன்னைப் பெட்டியில் வைத்திருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. இது எப்போது விடும் என்று யாரிடம் கேட்பது?

உன் ரயில் படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதை வைத்து நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

உனக்குக் காய்ச்சல் என்றதுமே வில்சன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஃபோட்டோக் கூட்டத்தை நிறுத்திவிட்டார். நீ போன பிறகும் பல வாரம் யாரும் கூடவில்லை. அப்புறம் ஒருநாள் கடைக்கே வந்து, "ரூத், இந்த வாரம் வா. எல்லாம் வர்றாங்க. நீ பேச வாணாம், சும்மா குந்து போதும்" என்றார். போனேன். ராபர்ட்சன்பேட்டையில் அவருடைய செல்போன் ரிப்பேர் கடை, அதன் மேலே அதே அறை, அதே பழைய டி.வி. சேகர் சார் தன் பெரிய கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிடையர் ஆன பிறகு வாங்கியது என்பதால் அதைக் கீழே வைக்க அவருக்கு மனசு வராது. நந்தினி பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்தாள். என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். ஆளுக்கு ஒரு படத்தை வில்சன் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். அவரும் கருத்துச் சொல்ல வேண்டுமே என்று, வந்த படங்களைப் பார்க்காமலே பென்டிரைவில் ஏற்றிவிடுவார். டி.வி.யில் படம் வரும்போது அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. முதலில் படத்தில் என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும், அப்புறம் எது இடிக்கிறது என்று. இன்னொரு தடவை எடுத்தால் எப்படி எடுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் படத்தை எடுத்தவர் 'கேஜில்' இருக்கிறார் என்று எங்களுக்குள் பேச்சு. நம் தாத்தாக்கள் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிப் போன இரும்புக் கூண்டுதான் கேஜ். எல்லோரும் பேசி முடித்ததும் வில்சன் அண்ணன் டம்ளரை ஸ்க்ரூ டிரைவரால் தட்டுவார். எடுத்தவர் மேலே வந்து, நான்தான் எடுத்தேன் என்று பதில் சொல்ல வேண்டும். 'சூப்பர்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

நான் அங்கே வாயைத் திறந்து பேசியதே கிடையாது. உன் காதில் சொல்வேன். "எங்க ரெண்டு பேருக்கும் இன்னா தோணுதுன்னா" என்று தொடங்கி நீ அதை எல்லோருக்கும் சொல்வாய். அதில் எது உன்னுடையது, எது என்னுடையது என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு மூன்றாவதாக ஒரு ரயில் படம் வந்தது. பெங்களூர் போகிற காலை ரயில், பெண்கள் பெட்டி. ஒரு அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை, அதன் இரண்டு காதுகளுக்குள்ளும் கையை நுழைத்திருந்தார். நந்தினியும் அதே ரயிலில்தான் காலேஜுக்குப் போகிறாள். அவள் படம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"சாஞ்சி கீதுப்பா. ட்ரெயின் பள்ளத்துல கவுந்த மாதிரி கீது" என்றார் சேகர் சார்.

"ஜன்னல் பக்கம் ஃபுல் வெள்ளையா போச்சு, அங்கிள். வெளிச்சத்த சொல்ப கொறைச்சிருக்கலாம்" என்றாள் நந்தினி.

"அத்த வுடு, ஓரத்துல ஒரு கை தெரியுதே, யாரு கை அது? டிக்கெட் கேக்கற கையா?" என்று வில்சன் அண்ணன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ஒன்று தோன்றியது. பக்கத்தில் திரும்பினேன். நாற்காலிதான் இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"எடுத்தவங்க நின்னுகினு எடுத்திருக்காங்க" என்றேன். "மேலேர்ந்து கீழ பாத்த மாதிரி கீது. தூங்கறவங்கள அப்பிடிப் பாத்தா, ஐயோ பாவம்னு சொல்ற மாதிரி ஆயிடுது. எதிர்ல குந்திகினு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா எடுத்திருக்கணும்."

"ஏய், ரூத் பேசுதுப்பா!" என்று வில்சன் அண்ணன் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். நந்தினி கை தட்டினாள். சேகர் சார், "இத்தினி நாள் இந்தக் குரல எங்கம்மா வெச்சிருந்த?" என்றார். என் காது சுட்டது.

வில்சன் அண்ணன் டம்ளரைத் தட்டினார். யாரும் மேலே வரவில்லை. "நந்தினி, மேல வாம்மா" என்றார். "ஐயோ, என்னுது இல்லண்ணா" என்றாள். சேகர் சாரும் தலையை ஆட்டினார். "யாருப்பா கேஜ்லயே தூங்கறது?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தட்டிவிட்டு, யார் அனுப்பியது என்று தன் போனை எடுத்துத் தேடினார். தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீ காய்ச்சலில் படுப்பதற்கு முன்னால் அனுப்பியிருந்தாய். அந்த வாரத்துக்காக ஏற்றி வைத்த பென்டிரைவிலேயே அவர் புதுப் படங்களையும் சேர்த்திருக்கிறார்.

வில்சன் அண்ணன் போனை எங்களுக்குக் காட்டினார். பிறகு சேகர் சார்தான் தொடங்கினார். "இல்ல, இப்பப் பாத்தா அந்தச் சாய்வு நல்லாத்தான் கீது. ட்ரெயின் ஓடறது தெரியுது பாரு. வேணும்னுதான் வெச்சிருக்கும்." ஜன்னலின் வெள்ளை ஏதோ பரலோகம் தெரிகிற மாதிரி இருக்கிறது என்றாள் நந்தினி. அந்தக் கை யாரோ கூப்பிடுகிற கை என்றார் வில்சன் அண்ணன். அப்புறம், "சூப்பர் படம்பா" என்றார். யாரும் டீ கேட்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். எனக்குச் சேகர் சார் மீதோ மற்றவர்கள் மீதோ கோபம் இல்லை, அவர்களுக்கு உன் மேல் ஆசை. ஆனால் ஷீலா, நீ உயிரோடு இருந்தால் சாய்வு சாய்வுதானே? ஆள் போய்விட்டதும் அது எப்படி நேராகும்? 'சூப்பர்' என்று சொன்னால் உன்னை நாங்களே கூட்டத்திலிருந்து அனுப்பிவிட்ட மாதிரி ஆகாதா?

"நான் சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

"இன்னாடி நீ? கல்லா?" என்றாள் நந்தினி. "அன்னிக்கும் நீ அழவே இல்ல." அவள் சொன்னது உண்மைதான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாளே அத்தை காதுக்குப் போய்விட்டது. நான் இறங்கி வந்த பிறகு, அந்தப் படத்தைத்தான் இந்தப் புத்தகத்தின் அட்டையில் போடுவது என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள், அது எனக்குத் தெரியாது. கடையிலிருந்து திரும்பும்போது அத்தை பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"எம் பொண்ணு கடைசியா எடுத்தத கொறை சொன்னியாமே?"

"ஆமா அத்தை."

"இன்னா கொறை?"

சொன்னேன். நின்றுகொண்டு எடுத்தது, உட்கார்ந்து எடுத்திருக்க வேண்டும் என்று. கன்னத்தில் அறைந்தாலும் அறைவார் என்று நினைத்தேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு அவ இன்னா பதில் சொல்லியிருப்பா?" என்று கேட்டார்.

"தெரியல அத்தை."

"தெரியலன்னா போய்ப் பாரு. அதே ட்ரெயின்தானே, தெனம் போவுது? வந்து சொல்லு. அதுக்கப்புறம் அட்டைக்கு இன்னா போடறதுன்னு பாக்கலாம்."

அத்தை அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அந்த ரயிலில் நான் தனியாகப் போனதே இல்லை. நீ வேலைக்கு ஏறுகிற அதே ஊரிகம் ஸ்டேஷனில், அதே பெண்கள் பெட்டியில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. எதிரில் ஒரு அக்கா உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். போனை எடுத்து வைத்துக்கொண்டேன். நான் சொன்ன மாதிரியே நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறேன் என்று இருந்தேன்.

பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியது. அவ்வளவுதான், எதிர் சீட்டு காணாமல் போய்விட்டது. எனக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் பையும் துப்பட்டாவும் இடுப்புமாக நின்றார்கள். குனிந்தும் சாய்ந்தும் பார்த்தேன். அந்த அக்காவின் மடியிலிருந்த பை தெரிந்தது, ஒரு முழங்கை தெரிந்தது. முகம் தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டு அந்த ரயிலில் யார் முகத்தையும் பார்க்க முடியாது.

அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருவர், "கண்ணு, கொஞ்சம் எடம் தர்றியா?" என்றார். எழுந்துகொண்டேன். எழுந்து மேல் கம்பியைப் பிடித்ததும் எல்லோரும் தெரிந்தார்கள். வரிசையாக நெற்றி, வகிடு, திறந்த வாய். ஒருவர் தலையைப் பக்கத்தில் இருந்தவரின் தோள் தாங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் அறிமுகம் இருந்த மாதிரி தெரியவில்லை. என் பார்வையின் ஓரத்தில் ஒரு கை இருந்தது. கம்பியைப் பிடித்திருக்கிற இன்னொருத்தியின் கை. அது எப்படித் தப்பும்? அங்கே எங்கே திரும்பினாலும் கைதான்.

வைட்ஃபீல்டு வருவதற்குள் எனக்குக் கால் வலித்தது. கண் சொருகியது. தூங்குகிறவர்களைப் பார்த்தேன். பாவம் என்று தோன்றவில்லை ஷீலா. பொறாமையாக இருந்தது. இடம் கிடைத்தால் நானும் அப்படியே வாயைத் திறந்து தூங்கிவிடுவேன் என்றுதான் இருந்தது. நான் மேலேயிருந்து பார்க்கவில்லை, நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். நீயும் அப்படித்தான் நின்றிருக்கிறாய். நீ ஏறுகிற இடத்திலேயே சீட்டு கிடைக்குமே, உன்னிடமும் யாராவது கேட்டார்களா? அந்தப் படத்தில் தூங்குகிற அம்மாவேதான் கேட்டாரா?

வண்டி சிக்னலுக்கு நின்றது. நின்றபடியே ஒரு படம் எடுத்தேன். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி அடுத்த வண்டியில் திரும்பினேன்.

அத்தையிடம் போய், "நான் சொன்னது தப்பு அத்தை, அங்க நின்னாத்தான் தெரியும்" என்றேன். என் போனை வாங்கி நான் எடுத்ததை வெகுநேரம் பார்த்தார். "தெனம் இப்பிடித்தான் நின்னுகினு போனாளா?" என்றார். "அவளுதே அட்டைல போடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வில்சன் அண்ணன் கடை மாடிக்குப் போகப்போகிறேன். எல்லோர் முன்னாலும் என் வாயாலேயே சொல்வேன், இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. நான் மாற்றிச் சொல்வது நீ செத்துப்போனதற்காக இல்லை, போய்ப் பார்த்ததற்காக என்று சொல்வேன். நந்தினி கல் என்று சொன்னாலும் பரவாயில்லை. நீ நின்றது சரி, அந்தக் கையும் சரி.

ஆனால் சாய்வு சாய்வுதான் ஷீலா. வண்டி நின்றபோது எடுத்த என் படம் நேராக வந்திருக்கிறது. நீயும் சிக்னல் வரைக்கும் பொறுத்திருக்கலாம். அதையும் சொல்வேன்.

உன் மாமா மகள்,
ரூத்