பாஸ்போர்ட்டில் இருந்த பெயர்

அத்தா, இதை அங்கே யாரிடமும் காட்டிவிடாதீர்கள். இங்கேயும் யாருக்கும் தெரியக் கூடாது. போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன்.

உங்கள் பெட்டியோடு வந்த பாஸ்போர்ட்டை இன்று மாலைதான் திறந்தேன். மூலையை வெட்டி, 'ரத்து' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். உங்கள் அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காதர் ரஹீம். தாத்தா பெயர் முதலில், உங்கள் பெயர் பின்னால்.

மூன்று நாள் வெளிநாட்டிலிருந்து உங்கள் போன் வராதபோது, தூதரகத்துக்கான புகாரை ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் நான்தான் நிரப்பினேன். பள்ளிப் படிவம் மாதிரியே முதல் கட்டத்தில் ரஹீம், அடுத்ததில் இனிஷியல் கே. என்று போட்டேன். நீங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லையே: "இங்க எல்லாரும் எங்க அத்தா பேரைச் சொல்லித்தாம்மா என்னைத் திட்டுறாங்க. ரஹீம்னா ஒருத்தருக்கும் தெரியாது."

புகாரை விசாரித்த தூதரக அதிகாரி நல்லவர், அத்தா. தினமும் அவரே கூப்பிட்டார். அரைகுறைத் தமிழில், "அழக்கூடாது பாப்பா. இன்னிக்கு ரெண்டு ஆஸ்பத்திரி போனேன், ரஹீம் இல்லே" என்பார். "பாஸ்போர்ட்ல இதே பேர்தானே?" என்று ஒருமுறை கேட்டார். எனக்குத் தெரியாது. திட்டுவாரோ என்று பயந்து, "ஆமா சார்" என்றேன்.

அவர் முதலில் போன ஆஸ்பத்திரியிலேயே நீங்கள் ஒன்பது நாள் கிடந்தீர்கள். நான் அனுப்பிய உங்கள் படத்தை, நீங்கள் மவுத்தான பிறகுதான் திறந்தாராம். அவரே சொன்னார். பட்டியலில் ரஹீம் என்ற பெயரைத் தேடினார், கட்டிலில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. அதே மனிதர் இரண்டே நாளில் எல்லாக் கையெழுத்தும் வாங்கி உங்கள் உடலைத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார். "வேற பேர்ல இருந்தாரு. மாஃப் பண்ணு பாப்பா, மன்னிச்சிடு" என்று போனில் அழுதார். ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று இன்று மாலை வரை நினைத்திருந்தேன்.

மாமா ராத்திரி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "விடிஞ்சதும் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கிறேன். அந்த ஆளு வேலையைப் பிடுங்காம விடமாட்டேன்" என்றார். அம்மா தலையாட்டினார்.

பாஸ்போர்ட் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. காட்டினால் அவர் வேலை தப்பும். ஆனால், அதற்குப் பிறகு அம்மா என்னை எப்படிப் பார்ப்பார்? காட்டாவிட்டால் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

கதவைத் தட்டுகிறார்கள். மாமா.

"முழிச்சிருக்கியாம்மா? மனுவுல உங்க அத்தா பேரை முழுசா எப்படி எழுதணும்?"

அத்தா, நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.