சோடியத்தின் வெளி இலத்திரன்

திருகோணமலை,
ஆனி 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? என் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நேற்று வகுப்பில் சோடியம் அணுவைப் படிப்பித்தேன். கருவுக்குக் கிட்ட இருக்கும் இலத்திரன்களைப் பிரிக்க மிகுந்த சக்தி வேண்டும், வெளி ஓட்டில் தனித்திருப்பதைக் கொஞ்சச் சக்தியே கழற்றிவிடும் என்றேன். கிண்ணியாவிலிருந்து வரும் மாணவி பல்கீஸ் எழும்பி, "கழண்டது திரும்பி வர ஏலாதா டீச்சர்?" என்று கேட்டாள். "ஓம், வரும்" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளே தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். துறைமுகத்து வெக்கை என்று சமாளித்தேன். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

ஊருக்கு இடமாற்றம் இந்த வருடமும் இல்லையாம். பிள்ளை உங்களை "அம்மா" என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். அவளைத் திருத்தாதீர்கள். அவள் போட்ட சட்டை ஒன்றைத் தோய்க்காமல் அனுப்பிவிடுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
யோகாம்பிகை