ஏலாக்குறிச்சியில் என்னை விட்டுப் போன டிரைவர் அண்ணனுக்கு

அண்ணே,

நேற்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் உங்களைப் போலவே ஊதுவத்தி கொளுத்திவைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். டீசல் புகையும் ஊதுவத்தி வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் நீங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டீர்கள். கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. பின்னே வராதா? கண்டக்டரை ரோட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போன டிரைவர் இந்தப் பக்கத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசி அது. அரியலூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாம் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டோம். மாதா கோயிலுக்கு வந்த சனம் ஓடி வருவதைப் பார்த்தால், எனக்கு நின்று ஏற்றிக்கொள்ள வேண்டும். உங்களுக்கோ நேரத்துக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். "கூட்டத்தப் பாத்தா ஒனக்கு மணியே தெரியாதா?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினீர்கள். "ஆளில்லாத பஸ்ஸ ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று நானும் விடவில்லை.

பஸ் வேலையில் ஒரு வசதி, பேசாமலேயே காலத்தை ஓட்டலாம். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். முன்பெல்லாம் இரண்டு விசில் கேட்ட பிறகும் கழுத்தைத் திருப்பி, "எல்லாரும் ஏறிட்டாங்களாப்பா?" என்று கேட்பீர்கள். சண்டைக்குப் பிறகு உங்கள் கழுத்து என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சியில், கூரை மேலிருந்து ஒரு குடும்பத்தின் மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு அப்போதுதான் ஏணியிலிருந்து தரையில் கால் வைத்தேன். உள்ளே எவனோ ஒரு அவசரக்காரன் பஸ்ஸைத் தட்டி, "போலாம் ரைட்!" என்றான். என் விசில் என் சட்டைப் பையில் இருக்கிறது. நீங்கள் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டீர்கள். டிக்கெட் பையோடு நான் பின்னால் ஓடியதைப் பார்த்துக் கோயிலுக்கு வந்த சனமெல்லாம் சிரித்தது. அடுத்து வந்த போட்டிக் கம்பெனி பஸ்ஸில்தான் அரியலூர் வந்து சேர்ந்தேன். "டிக்கெட் போடட்டுங்களா?" என்று அந்தக் கண்டக்டர் கேட்டானே, அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் நாம் இருவரும் வண்டியில் ஏற வேண்டாம் என்றுவிட்டார் முதலாளி. மதியம் என்னை மட்டும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். "வேணும்னே விட்டுட்டுப் போனான்னு ஒரு வார்த்த சொல்லு. இன்னையோட அவன அனுப்பிடறேன்." அந்த வார்த்தை எனக்கு வாய்வரைக்கும் வந்தது. உங்கள் வீட்டில் மூன்றாவது பெண் பிறந்திருந்த சமயம். "சாயங்காலம் சொல்றேங்க" என்று வெளியே வந்து நேரே ஸ்டாண்டு டீக்கடைக்கு நடந்தேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கடைக்காரரிடம் "ரெண்டு டீ" என்றீர்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அப்படி என்னண்ணே அவசரம் ஒங்களுக்கு?"

"லேட்டா வந்தா மொதலாளி என்னையத்தானப்பா புடிக்கிறாரு. ஒன்னைய ஒண்ணும் கேக்கறதில்லையே."

"சீட்டு காலியா வந்தா என்னையத்தாண்ணே புடிக்கிறாரு."

டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். "அப்ப நீயும் நானும் எதுக்குடா அடிச்சுக்கிட்டோம்?"

அன்று சாயங்காலம் சேர்ந்தே போய் நின்றோம். "அவரு வேணும்னு விடலைங்க. நாங்க பேசிக்காததால வந்த வெனை" என்றேன். அதோடு விடவில்லை. "வண்டி ரொம்பணுமா, நேரத்துக்கு வரணுமா, ஒண்ணச் சொல்லுங்க. அவருகிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணுன்னு சொல்லாதீங்க." முதலாளி மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு, "நேரத்துக்கே வாங்கய்யா, போங்க" என்றார். மறுநாள் முதல் உங்கள் கழுத்து பழையபடி திரும்பியது.

பின்னாளில் அதே கம்பெனியில் நான் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனேன். சண்டை என்று எவன் வந்தாலும், "ஒங்கிட்ட மேல என்ன கேக்குறாங்க, அவன்கிட்ட என்ன கேக்குறாங்க?" என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்பேன். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். முடிந்ததும், ஒரு டிரைவரின் வேலையை நான் காப்பாற்றிய கதையை மறக்காமல் சொல்லி அனுப்புவேன்.

உங்கள் காரியத்தன்று அண்ணியிடமும் அதே பெருமையை அளந்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அன்னிக்குக் காலையில மொதல்ல அவரத்தான தம்பி மொதலாளி கூப்புட்டாரு. கண்டக்டரு சொல்லாம எங்கயோ போயிட்டான்னு சொல்லு, அவன அனுப்பிடறேன்னாராம். திரும்பிப் பாக்காம எடுத்தது நாந்தான், அனுப்பறதுன்னா என்னைய அனுப்புங்கன்னு சொல்லிட்டாரு. வூட்டுல சாப்புடாமக்கூட ஸ்டாண்டுக்குப் போனாரு."

அப்படியென்றால் அந்தப் பெஞ்சில் நீங்கள் வேலையை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த நிலைமையில்தான் எனக்கு டீ சொல்லியிருக்கிறீர்கள். கடைசிவரை அதை என்னிடம் சொல்லவேயில்லை. உங்களைக் காப்பாற்றிய கதையை உங்கள் எதிரிலேயே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி "ஆமாப்பா" என்றீர்கள். அந்த "ஆமாப்பா" இன்னும் என் காதில்தான் இருக்கிறது, அண்ணே.