நீந்தத் தெரியாத பி.டி. டீச்சர்

பிப்ரவரி 3

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எழுத நினைத்தேன். உண்மையில் நான் வாயே திறக்கவில்லை. அதுதான் இப்போது வினை.

மதியம் தலைமை ஆசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கு எதிரே நகராட்சி கட்டி முடித்திருக்கும் நீச்சல் குளத்தில் நம் ஏழாம் வகுப்புப் பெண்களுக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். பொறுப்பு உடற்கல்வி ஆசிரியைக்கு. அதாவது எனக்கு.

"உங்களுக்கென்ன, ஊதித் தள்ளிடுவீங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கல்லூரி நாட்களில் குண்டு எறிந்து பதக்கம் வாங்கியவள் நான். உயரம் தாண்டுதல், தொடர் ஓட்டம், கூடைப்பந்து, எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் எனக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு குளியலறை வாளியோடு முடிந்துபோனது. இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தால் நெஞ்சு படபடக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் என்னைத் தள்ளிவிட்டதில்லை, எங்கும் முழுகிப் பிழைத்ததில்லை. பயம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6

குளத்தங்கரையில் டிராக் சூட்டும் கழுத்தில் விசிலுமாக நின்றேன். அங்கே கற்றுத்தரும் கோச் ஒரு சின்னப் பெண். ஒல்லிக்குச்சி, என் மகள் வயதுதான் இருக்கும்.

"மேடம், நீங்க இறங்கலையா?"

"சளி" என்றேன்.

பெண்கள் ஓவென்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி, தனியார் கிளப்பில் சிறு வயதிலேயே நீந்தக் கற்றவள், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலட்டாமல் போய்வந்தாள். அவளுக்கு உடனே 'மீன்குஞ்சு' என்று பெயர். இன்னொருத்தி படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வகுப்பு முடியும்வரை நின்றாள். அவள் 'சிலை'. இந்தப் பிள்ளைகள் பெயர் வைப்பதில் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சிலையிடம் போனேன். "என்னடா கண்ணு, சும்மா இறங்கு. ஒண்ணும் ஆகாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். "அப்போ நீங்க முதல்ல இறங்குங்க மிஸ்."

காதில் விழாத மாதிரி விசில் ஊதினேன்.

பிப்ரவரி 7

இரவு சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்த மனுஷன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கப்பல் மாதிரி இருக்கே, மிதக்கத் தெரியாதா?"

கையில் இருந்த துண்டை அவர் மேல் எறிந்தேன். குறி தப்பவில்லை. மகள் கைதட்டினாள்.

சிரித்து முடித்தபின் அவர் சொன்னது: "தெரியாதுன்னு அந்தப் பசங்ககிட்டயே சொல்லிடு. நான் வண்டியைத் தப்பான தெருவுல திருப்பிட்டா, பின்னாடி திரும்பி 'வழி தெரியலைங்க'ன்னு சொல்லுவேன். யாரும் அடிக்கிறதில்ல. வழி சொல்லுவாங்க."

அவருக்குச் சொல்ல எளிது. எனக்கு? இருபது வருஷமாக "இவங்களால முடியாதது ஒண்ணும் இல்ல" என்று பேர் வாங்கி வைத்திருக்கிறேனே!

பிப்ரவரி 10

சொல்லிவிட்டேன்.

குளத்துக்குப் போகும் முன், வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு நீச்சல் தெரியாது. பயம் வேற. உங்களோட சேர்ந்து கத்துக்கப் போறேன்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ உங்களுக்கும் மார்க் உண்டா மிஸ்?"

"உண்டு. கோச் போடுவாங்க."

என் வாழ்நாளில் எந்த வகுப்பும் இப்படி ஆரவாரம் செய்து நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 13

முழுக்கை வைத்த நீச்சல் உடை. கடைக்காரர் அளவைத் தேடி உள்ளறைக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். போட்டுப் பார்த்தால், உறை போட்ட மெத்தை. பரவாயில்லை. மெத்தையும் மிதக்கும்.

பிப்ரவரி 17

வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் சிலை. படியில் நான் ஒரு காலை வைத்ததும் அவளும் ஒரு காலை வைத்தாள். இடுப்புவரை வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. கம்பியை விட மனசே இல்லை. பக்கத்தில் பார்த்தால் அவளும் அதே கம்பியை அதே மாதிரி பிடித்திருக்கிறாள்.

"உங்களுக்கும் இங்க டப் டப்னு அடிக்குதா மிஸ்?" நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"பலமா அடிக்குது."

"எனக்கும்தான்" என்றாள், ரொம்பத் திருப்தியாக.

மார்ச் 3

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஊத வேண்டும். இதுகூட வரவில்லை. பாதிக் குளத்தைக் குடித்துவிட்டேன். பிள்ளைகளில் பாதிப்பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி வந்து முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறாள்! கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அவள் தட்டியது நான் வழக்கமாகத் தட்டும் அதே தினுசில் இருந்தது.

மார்ச் 19

ஒன்றைக் கவனித்தேன். கோச் இதுவரை யாரிடமும் "பயப்படாதே" என்று சொன்னதே இல்லை. "எளிதுதான்" என்றும் சொல்வதில்லை. "இப்போ காதை மட்டும் நனைங்க." "இப்போ ஒரு கையை மட்டும் எடுங்க." அவ்வளவுதான். எனக்குத் தெரியாமலே ஒரு கையை எடுத்திருந்தேன்.

மாலையில் மைதானத்தில் உயரம் தாண்டப் பயந்து நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் "ஒண்ணுமில்ல, தாண்டு" என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டேன். "ஓடிவந்து கோலுக்குப் பக்கத்துல நின்னுடு. தாண்டவே வேண்டாம்" என்றேன். அப்படியே சில தடவை ஓடினாள். அப்புறம் என்னைக் கேட்காமலே தாண்டிவிட்டாள்.

இத்தனை வருஷ அனுபவத்தில் இது புதுசு. நல்லா இருக்கு.

ஏப்ரல் 8

மிதந்தேன்! மல்லாந்து, கூரையின் இரும்புச் சட்டங்களைப் பார்த்தபடி, யாரும் பிடிக்காமல். "கோச், விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "எப்பவோ விட்டாச்சு மேடம்" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. உடனே முழுகினேன். ஆனால் மிதந்தேன்.

மே 14

கல்வி அலுவலகத்திலிருந்து அறிவிப்பு. ஒவ்வொரு அரசுப் பள்ளியும் ஒரு நாள் கதவைத் திறந்துவைத்து, மாணவர்களும் ஆசிரியர்களும் இந்த வருஷம் கற்றுக்கொண்டதை ஊருக்குக் காட்ட வேண்டுமாம். அதிகாரிகள் வருவார்கள், பெற்றோர் வருவார்கள். ஜூலையில்.

ஆசிரியர்களும்? கோடை விடுமுறையிலும் வேலையாக வந்திருந்த நாங்கள் எல்லோரும் ஆசிரியர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மே 20

சண்டை. வேறு வார்த்தை இல்லை.

தலைமை ஆசிரியை குளத்து நிகழ்ச்சிக்கு மீன்குஞ்சை மட்டும் நீந்தவிடச் சொன்னார். "அழகா இருக்கும். அதிகாரி அசந்துடுவார்."

"அவ நம்மகிட்ட கத்துக்கலையே மேடம். வரும்போதே அவளுக்குத் தெரியும்."

"அதுக்காக? மிதவைப் பலகையைப் பிடிச்சுக்கிட்டுத் தத்தளிக்கிறதையா காட்டுவீங்க?"

"ஆமா. அதைத்தான் கத்துக்கிட்டாங்க. படியில இறங்கவே பயந்த பொண்ணு இப்போ பலகையோட போறா. அதைக் காட்டாம வேற எதைக் காட்டறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்படி வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்குத் தெரியும். இருந்தும் நின்றேன். "ஆசிரியர்களும் காட்டணும்னு போட்டிருக்காங்க இல்ல? நானும் நீந்தறேன். இந்தக் கரையிலிருந்து ஆழமான அந்தக் கரை வரைக்கும். எல்லார் முன்னாடியும்."

அவர் என்னையே பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "செய்ங்க. கோச் கூடவே தண்ணியில இருக்கணும்."

வெளியே வந்தபின்தான் உறைத்தது. ஆழமான பக்கத்துக்கு நான் இன்னும் போனதே இல்லையே! என்ன காரியம் செய்தேன்? யார் என்னைக் கேட்டார்கள்?

மே 21

கேட்டது யாராக இருந்தால் என்ன. செய்கிறேன்.

மே 29

விடுமுறையிலும் குளத்து வகுப்பு நடக்கிறது. மீன்குஞ்சு தேடி வந்தாள். முகம் வாடியிருந்தது. "அப்போ நான் எதுவும் செய்யக் கூடாதா மிஸ்? நல்லா நீந்தறது தப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. சண்டையில் இவளை மறந்தே போனேன். "தப்பே இல்லடா. உனக்கு எது வரலைன்னு சொல்லு."

"பட்டர்ஃபிளை. ரெண்டு கையையும் ஒண்ணா வீசணும். எனக்கு வரவே வராது. கேவலமா இருக்கும்."

"அது போதும். அதைக் கத்துக்கோ."

கேவலமாகத்தான் இருந்தது, இன்று செய்து காட்டினாள். குளமே கலங்கியது. ஆனால் அவள் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜூன் 16

பள்ளி திறந்து பிள்ளைகள் எட்டாம் வகுப்பு ஆகிவிட்டார்கள், குளத்து நேரம் மட்டும் அதேதான். ஆழமான பக்கம். பாதியில், தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றைப் பிடித்துவிட்டேன். கீழே பார்த்ததுதான் தப்பு.

"தலையைத் தூக்காதீங்க மேடம். தலையைத் தூக்கினா கால் கீழ போயிடும்." கோச் இதை இன்று எத்தனை தடவை சொன்னாளோ, பிள்ளைகளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜூன் 24

மறுபடி கயிறு.

ஜூலை 2

மறுபடி கயிறு. ஆனால் இந்தத் தடவை பிடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைப் போனேன். கரையைத் தொட்டேன்! கோச் "இது கணக்குல உண்டு" என்றாள். உண்டு என்றால் உண்டுதான்.

ஜூலை 12

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், சூடு ஆறுவதற்குள்.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒவ்வொரு பெண்ணும் கரையில் நின்று, தொடக்கத்தில் தனக்கு என்ன தெரியாது என்று உரக்கச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். அது நான் போட்ட ஏற்பாடு. முதலில் பெற்றோர் வரிசையில் லேசான சிரிப்பு. ஒருத்தி "எனக்குக் கண்ணைத் திறக்கவே பயம்" என்று சொல்லி, உள்ளே போய்த் தரையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து வந்தாள். சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொருத்திக்கும் கைதட்டல்தான்.

மீன்குஞ்சு "எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு பட்டர்ஃபிளை அடித்தாள். முன்வரிசையில் இருந்த அதிகாரியின் சட்டை நனைந்தது. அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

சிலை வந்தாள். "நான் கம்பியை விட மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். படியில் இறங்கினாள். பலகை வேண்டாம் என்று கையை அசைத்தாள். எனக்குத் திக்கென்றது. இதை நாங்கள் பேசி வைக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு மல்லாந்து படுத்தாள். மிதந்தாள். கால் விரல்கள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. கடைசி வரிசையில் அவள் அம்மா எழுந்து நின்று, "பாருங்க, அது என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் உலுக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நான். "இருபது வருஷமா பி.டி. டீச்சர். நீந்தத் தெரியாது" என்றேன். என் வீட்டுக்காரரின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

முதல் பாதி நன்றாகவே போனது. ஆழம் தொடங்கும் இடத்தில் தரையின் நிறம் மாறியது. உடம்பு இறுகியது. கை தானாகக் கயிற்றைத் தேடியது. பிடித்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால், கயிற்றில் தொங்கிக்கொண்டு, மூச்சிரைக்க. கோச் அருகில் வந்தாள், ஆனால் என்னைத் தொடவில்லை.

கரையிலிருந்து, மொத்த வகுப்பும் ஒரே குரலில்:

"தலையைத் தூக்காதீங்க மிஸ்! கால் கீழ போயிடும்!"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு இளகிவிடும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முகத்தை உள்ளே வைத்தேன். போனேன். கை சுவரில் இடித்தது.

மேலே ஏறி வந்தபோது தலைமை ஆசிரியை துண்டோடு நின்றார். போர்த்திவிட்டு, நான் நடுங்கி முடிக்கும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஜூலை 15

ஆசிரியர் கூட்டம். எல்லாம் பேசி முடித்தபின் தலைமை ஆசிரியை தொண்டையைக் கனைத்தார். "எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாது. எல்லாம் கிளார்க்தான் போட்டுத் தர்றார். அடுத்த வருஷம் நான் அதைக் காட்டறேன். யாராவது சொல்லிக்கொடுங்க. ஆனா சத்தமாச் சொல்லாதீங்க, எனக்குக் கோபம் வரும்."

கணக்கு டீச்சர் உடனே கையைத் தூக்கினார், தானும் ஒன்று கற்க வேண்டும் என்று. அடுத்தடுத்துக் கைகள். கூட்டம் முடியவே நேரமாகிவிட்டது.

ஜூலை 16

கோச் எனக்கு மார்க் போட்டாள். எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. வகுப்பில் நான் முதல் இல்லை.

ஆகஸ்ட் 21

வகுப்பு முடிந்தபின் தனியாகச் சிறிது நேரம் நீந்தினேன். மீந்துபோன உருளைக்கிழங்கை வறுப்பதா, மசிப்பதா என்று ஒரு யோசனை. அவருடைய சீருடைச் சட்டைக்கு இன்றைக்காவது பட்டன் தைக்க வேண்டும். மகள் வர நேரமாகும் என்றாளே, சாப்பிட்டுவிட்டு வருவாளா? வறுத்துவிடலாம் என்று முடிவு செய்தபோது கை சுவரில் பட்டது. திரும்பிப் பார்த்தேன். ஆழமான பக்கத்தில் இருந்தேன்.