கருமூக்கி விழுந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

கருமூக்கியைக் கொல்லும் வேலை என் மேஜைக்கு வந்துவிட்டது. எங்கள் கார்ட்டூன் படத்தின் கடைசிக் காட்சிகளை யார் வரைவது என்று கொஞ்ச நாளாகவே இழுபறி. இன்று இயக்குநர் வந்து, "உன் கைதான் சரி. விழறதை நீ நல்லா வரைவே" என்றார். பாராட்டுதான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

விஷயம் எளிது. ஆற்றை மறித்துக் காட்டையே காயப்போட்ட நரி ராணி கருமூக்கி, மலை உச்சியில் அணில்குட்டியைத் துரத்துகிறாள். அணில் அவளைத் தள்ளக் கூடாது, அடிக்கவும் கூடாது. பாறை தானாகப் பெயர வேண்டும். அணில் கைகூட நீட்ட வேண்டும். அந்தக் கையையும் அவள் கடிக்கப் பாய்ந்து, தவறி விழ வேண்டும். கீழே பனிமூட்டம். ரத்தம் இல்லை, பிணம் இல்லை, யாருக்கும் பாவமும் இல்லை.

பின்னணி வரைகிறவரை நாங்கள் மேகம் என்றுதான் கூப்பிடுவோம். வானமும் புகையும் அவர் பொறுப்பு. "பனி எவ்ளோ வேணும்னாலும் கேளு. நம்மகிட்ட அதுக்குப் பஞ்சமே இல்ல" என்றார்.

மார்ச் 6, வியாழன்

விழுவது சரியாக வரவில்லை. கைகால் விரித்தால் பறப்பதுபோல் இருக்கிறது. சுருட்டினால் துணிமூட்டை. வேகமாக விழுந்தால் சிரிப்பு வருகிறது. மெதுவாக விழுந்தால் பாவமாக இருக்கிறது. இயக்குநருக்கு இரண்டும் ஆகாது.

வீட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி அது?" என்றாள். "நரி" என்று தாளைக் கவிழ்த்துவிட்டேன். இந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

அத்தானைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் கண்ணாடி பொருத்துகிறவர். போன வருடம் இடுப்புக் கயிற்றின் கொக்கி விட்டுவிட்டது. சுண்டுவுக்கு — அக்கா மகளுக்கு — அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. தெரிந்தவர் வீட்டில் அவளை விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அழைத்து வந்தார்கள். "அப்பா ரொம்ப தூரம் போயிட்டார்" என்று யாரோ ஆரம்பித்துவைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. அதன் பிறகு நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர்களோடு வந்துவிட்டேன்.

சுண்டு அழவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை, எப்படிச் சமாளிக்கிறது பார் என்று எல்லோரும் மெச்சினார்கள். அன்றிலிருந்து முன்னறையில் கதவோரம்தான் படுப்பேன் என்று ஒரே பிடிவாதம். அங்கேதான் காற்று வருகிறதாம்.

மார்ச் 12, புதன்

ஒருவழியாக விழுந்துவிட்டாள். முதுகு கீழே, முகம் மேலே, கண் அணில்மேல். இயக்குநர் தோளில் தட்டினார்.

மார்ச் 15, சனி

படங்களை வரிசையாகக் கோத்து, தற்காலிகக் குரல் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். பார்க்க வந்தவர்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களின் வீட்டுக் குழந்தைகள். அக்காவுக்கு மருந்துக்கடையில் இன்றும் வேலை, சுண்டுவை அழைத்துப் போக வேண்டியதாயிற்று. நரிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

கருமூக்கி விழுந்ததும் கூடமே கைதட்டியது. ஒரு பொடியன் நாற்காலிமேல் ஏறி ஆடினான். சுண்டு கைதட்டவில்லை.

விளக்கு போட்டதும் இயக்குநர் எல்லோரையும், "பிடிச்சுதா?" என்று கேட்டார். சுண்டு கையைத் தூக்கினாள்.

"அந்த நரி செத்துட்டாளா?"

"ஆமா கண்ணு. பயப்படாதே, இனிமே வரமாட்டா."

"நீங்க பாத்தீங்களா?"

"எதை?"

"கீழ. கீழ விழுந்தத நீங்க காட்டலியே. காட்டலேன்னா சாகல. ரொம்ப தூரம் போயிருக்கா, அவ்ளோதான். வந்துடுவா."

தயாரிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டாம் பாகத்துக்குக் கதை கெடச்சாச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சுண்டுவின் பையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பாவையும் யாரும் எனக்குக் காட்டல, சித்தி. அதான் நான் கதவுகிட்ட படுக்கறேன். பெல் அடிச்சா உங்களுக்கெல்லாம் கேக்காது."

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

"அவள ஏன்டி அங்க கூட்டிட்டுப் போன? உனக்கு அறிவு இருக்கா? ஊர்ல வேற படமே கெடைக்கலயா?"

"படத்த விடுக்கா. அவ காத்துட்டிருக்கா. ஒரு வருஷமா கதவுகிட்ட காத்துட்டிருக்கா."

"என்ன சொல்லச் சொல்ற? உங்கப்பன் மேலேர்ந்து விழுந்து… நான் எப்படிடி அத என் வாயால சொல்லுவேன்? நீ சொல்லிடுவியா? சொல்லு பாப்போம்!"

என்னாலும் முடியாது. நான் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டோம்.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டில் வாய் திறக்க முடியாதவள் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன். கருமூக்கி சாகிறாள் என்றால் செத்ததைக் காட்டுவோம், இல்லையென்றால் உயிரோடு விடுவோம். இரண்டுங்கெட்டானாக எதற்கு?

இயக்குநர் கோபப்படவில்லை. "கெட்டவ தப்பிச்சா பசங்களுக்கு ஆறாதும்மா. செத்தத காட்டினா பெத்தவங்களுக்கு ஆறாது. அணில் கொன்னா அணில பிடிக்காது. எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா மிஞ்சறது பனிமூட்டம்தான். நான் வச்ச சட்டமா இது? நான் தொழிலுக்கு வந்தப்பவே இருந்தது."

நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "சரி, தரையை வரைஞ்சு கொண்டா. பாக்கலாம்" என்றார்.

மார்ச் 24, திங்கள்

வரைந்துவிட்டேன். மலையடிவாரம். கருமூக்கி ஒருக்களித்துக் கிடக்கிறாள், தூங்குவதுபோல் இல்லை. ரத்தம் வைக்கவில்லை. அணில் இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது. வெற்றிச் சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. பார்க்கிறது, அவ்வளவுதான்.

மேகம் வந்து நின்று பார்த்தார். "எனக்கும் தரை வரையத் தெரியும்னு யாருக்காவது ஞாபகம் வந்துச்சே" என்றபடி கல்லும் புல்லும் தானே போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 2, புதன்

நான் வரைந்த தரைக் காட்சி போய்விட்டது. தணிக்கை விஷயம் தெரிந்த ஒருவரைத் தயாரிப்பாளர் கூட்டிவந்திருந்தார். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். விழலாம். எவ்வளவு உயரத்திலிருந்தும் விழலாம். அலறலாம். தரையை மட்டும் காட்டாதீர்கள். காட்டினால் சின்னக் குழந்தைகளுக்கான சான்றிதழ் கிடைக்காது.

மலையிலிருந்து விழுவது வன்முறை இல்லையாம். கிடப்பதுதான் வன்முறையாம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஏப்ரல் 6, ஞாயிறு

கழித்துப்போட்ட தாள்களைக் குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். காலையில் சுண்டு அவற்றைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். நான் பதறி எடுக்கப் போனேன். அக்கா அதற்குள் துணிக்கூடையோடு வந்துவிட்டாள்.

"இங்கதான் விழுந்தாளா?" என்று கேட்டாள் சுண்டு.

"ம்" என்றேன்.

"அணில் ஏன் சும்மா நிக்குது?"

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ செத்துட்டால்ல. அதான்."

"திரும்ப வரமாட்டாளா?"

"வரமாட்டா." அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பாவும் அப்படித்தான்டா கண்ணு. அப்பா தூரமா போகல. வேலை செய்யற எடத்துல மேலேர்ந்து விழுந்துட்டார். செத்துட்டார். நான் பாத்தேன். நான் கூடவே இருந்தேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

"பெல் அடிக்கவே மாட்டாரா?"

"மாட்டார்டா."

சுண்டு அழுத அழுகையை எழுத எனக்கு வரவில்லை. மதியம் சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். மறுபடி அழுதாள். அக்கா அசையாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் கூடையிலேயே கிடந்தது. சாயங்காலம் நான்தான் அலசிப் போட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

சுண்டு அம்மாவோடு பேசுவதில்லை. "நீ பொய் சொன்னே" என்று ஒரே வார்த்தை. சோறு ஊட்டப் போனால் தட்டைத் தள்ளுகிறாள். பள்ளியில் யாரையோ கடித்து வைத்திருக்கிறாள். சொன்னது தப்பா? அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. ஒரு பாட்டம் திட்டித் தொலைத்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமென்று சுண்டுவே கேட்டாள். போனோம். இப்போது அது ஏதோ வங்கி. எதிர்ச் சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "எந்தக் கண்ணாடி அப்பா வச்சது?" அக்கா யோசித்தாள். தெரியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். "அந்தப் பக்கம் பூரா அப்பாவும் அவர் கூட்டாளிங்களும் வச்சதுதான்." சூரியன் பட்டுக் கண் கூசியது. திரும்பி வரும்போது சுண்டு அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மே 9, வெள்ளி

படம் முடிந்தது. பனிமூட்டத்தோடுதான். சான்றிதழ் ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைத்ததாம். எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அடுத்த படத்தில் வில்லன் ஒரு முதலை. "இதையாவது உயிரோட விடலாமா?" என்று இயக்குநர் என்னிடம் கேட்டார். கேட்டதே பெரிது.

ஜூன் 14, சனி

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் மகள் விளையாட வந்தாள். இரண்டும் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தன. அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா எங்க?"

"செத்துட்டார். மேலேர்ந்து விழுந்துட்டார்."

"அய்யோ. வலிச்சிருக்குமா?"

குழாய்ச் சத்தம் நின்றது.

சுண்டு கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. அம்மாகிட்ட கேக்கணும். அந்தப் பச்சையைக் குடு, நீயே வச்சிருக்க எவ்ளோ நேரமா."

சற்றுப் பொறுத்துக் குழாய் மறுபடி ஓடத் தொடங்கியது.